உள்ளான் எழுதிய மிச்சக் கதை

கடலுக்குப் போகிற ஆள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் அவன் வீட்டு வாசலில் விளக்குமாறு படக்கூடாது. இது எங்கள் புங்கடித்துறைக் கட்டு. படகு முதல் அலையைத் தாண்டி, இரண்டாம் அலையைத் தாண்டி, ஆள் ஒரு கடுகாகி, அந்தக் கடுகும் வானத்தோடு கரைந்த பிறகுதான் பெண்டுகள் குனிந்து கூட்டத் தொடங்குவார்கள். அதற்கு முன்னால் கூட்டினால் அவன் காலடியையும் சேர்த்துக் கூட்டித் தள்ளினதாகிவிடும், திரும்பி வருகிறவனுக்கு வழி தெரியாமல் போய்விடும் என்பார்கள்.

ஆனால் மார்கழிப் பனியில் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. மார்கழியில் எங்கள் கரையில் பனி எப்படி இறங்கும் என்றால், எதிர்வீட்டு ஆடு கத்துவது கேட்கும், ஆடு தெரியாது. வாசலை விட்டுப் பத்தடி வைத்தால் ஆள் மறைந்துவிடுவான், அவன் இருமுவது மட்டும் பனைமரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே போகும். அப்படி மறைகிறது மறைகிறதுதானா, இல்லை அவன் இன்னும் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டுமா? காசாம்புவின் குடும்பம் இந்த ஒரு கேள்வியில்தான் கவிழ்ந்தது.

காசாம்பு எனக்கு எதிர்வீடு. கருவாட்டுக் களத்தில் எனக்கு அடுத்த பாய் அவளுடையது. அவள் புருஷன் சிங்காரம். நண்டு வலை போடுகிறவன். சின்ன ஃபைபர் படகு ஒன்று, அதில் அவன் ஒருத்தன். ஊரில் எல்லோரும் நாலைந்து பேராகச் சேர்ந்து தொழிலுக்குப் போக, இவன் மட்டும் ஏன் ஒற்றை ஆளாகப் போகிறான் என்று கேட்டால், "படிக்க விடமாட்டேங்குறானுங்க அக்கா" என்பான். வலையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற நேரத்தில் அவனுக்குப் புத்தகம் வேண்டும். அதுவும் சாமி புத்தகம், சரித்திரப் புத்தகம் எல்லாம் இல்லை. கொலை நடக்க வேண்டும், யார் கொன்றான் என்று தெரியாமல் இருக்க வேண்டும், மழைக்கோட்டு போட்ட ஒருத்தர் வந்து சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். வேதாரண்யத்துப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிக்கொண்டு வருவான்.

வாடைக் காற்று ஏறி, தொழில் குறைந்து, வெயிலுக்கே குளிர் எடுக்கிற மாதிரி மஞ்சளாக அடிக்கிற அந்த ரெண்டு மாதமும், சாயந்திரத்தில் அவன் களத்துக்கு வந்து ஒரு மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எங்களுக்கு வாசிப்பான். நாங்கள் இருபது பெண்டுகள், கையைக் கருவாட்டில் வைத்துக்கொண்டு காதை அவனிடம் கொடுத்துவிடுவோம். கிழவன் பேசினால் கிழவன் குரல், சீமாட்டி பேசினால் சீமாட்டி குரல், கதவு திறந்தால் கதவுக்கும் ஒரு குரல். நெஞ்சு தொண்டைக்கு வருகிற இடமாகப் பார்த்துப் புத்தகத்தை மூடுவான். மூடிவிட்டு, "மிச்சம் நாளைக்கு. போயி உலைய வைங்க" என்பான். புத்தகத்தில் இல்லாத வரி அது. அந்த வரியைக் கேட்டுத் திட்டாத பெண் ஊரில் கிடையாது.

அந்த வருஷம் அவன் கொண்டுவந்த புத்தகத்துக்கு அட்டை இல்லை, முதல் தாள் இல்லை, பெயர் என்ன, எழுதினவர் யார் என்று யாருக்கும் தெரியாது. ஒரு மலை ஊர். மழை. தேயிலைத் தோட்டத்து முதலாளி தன் அறைக்குள் செத்துக் கிடக்கிறார். கதவு உள்ளே தாழ் போட்டிருக்கிறது. நடையில் ஈரக் காலடி இருக்கிறது, அறைக்குள்ளே போன காலடி. வெளியே வந்த காலடி இல்லை. துப்புத் துலக்க வந்தவர் பெயர் ஞானவரதன். சந்தேகத்துக்கு நாலு பேர், சமையல்காரன், முதலாளியின் தம்பி மகன், வைத்தியம் பார்த்த டாக்டர், ரெண்டாம் தாரமாக வந்த அம்மாள்.

"சமையக்காரன்தான். சோறு போடுறவன் நெனச்சா எதுவும் செய்யலாம்" என்று முதல் நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டாள் செம்பாயி. களத்தில் அவள் வாய்தான் பெரிய வாய்.

ஒன்பதாம் அத்தியாயத்தில், உள்ளே போனவன் வெளியே வராமல் எப்படிப் போனான் என்பதை நான் கண்டுகொண்டேன் என்று ஞானவரதன் சொல்கிற இடத்தில், சிங்காரம் புத்தகத்தை மூடினான்.

மறுநாள் விடியற்காலையில் பனி. எதிர்வீட்டில் காசாம்பு அவனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது எனக்குக் கேட்டது. "கட்டின பொண்டாட்டிக்கு மட்டும் சொல்லிட்டுப் போங்களேன், யாரு கொன்னா?" அவன் சிரிக்கிறான். "நானே இன்னும் படிக்கல புள்ள." "பொய்." "மிச்சம் நாளைக்கு. போயி உலைய வை." அவளுக்கு வந்ததே கோபம், அது கோபம்கூட இல்லை, கொஞ்சல்தான், கூரை எறவாணத்தில் செருகியிருந்த விளக்குமாற்றை உருவி, "போங்க, போங்க" என்று அவன் குதிகாலை ஒட்டியே வாசலைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பனிக்குள் அவன் மறைந்துவிட்டான். மறைந்த பிறகும் அவன் சிரிப்பு மட்டும் பனைமரம் வரைக்கும் கேட்டது. விளக்குமாறும் கேட்டது. ரெண்டு சத்தத்தையும் என் காதால் நான் ஒருசேரக் கேட்டேன்.

அன்றைக்கு அவன் திரும்பவில்லை. மறுநாளும் திரும்பவில்லை. மூன்றாம் நாள், எங்கள் கரைக்குக் கிழக்கே தண்ணீர் வற்றினால் முதுகு காட்டுகிற மணல் திட்டில் படகு கிடந்தது. எஞ்சின் நன்றாக இருக்கிறது. வலை மடித்து வைத்திருக்கிறது. தூக்குச்சட்டியில் கொண்டுபோன சோற்றைத் தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறான். ஆள் இல்லை. பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு போன அந்தப் புத்தகமும் இல்லை. திட்டின் மணலில் படகிலிருந்து இறங்கி நடந்த காலடி இருந்தது என்றும், திரும்பி வந்த காலடி இல்லை என்றும் தேடப் போனவர்கள் வந்து சொன்னார்கள். சொன்னபோது கதை ஞாபகம் வந்து நாங்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

காசாம்பு அழவில்லை. விளக்குமாற்றைக் கூரையில், கைக்கு எட்டாத உயரத்தில் செருகிவிட்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவள் வாசல் கூட்டப்படவில்லை. வேப்பிலை விழுந்தது, ஆட்டுப் புழுக்கை விழுந்தது, வாடை கொண்டுவந்த மணல் படிக்கல்லை மூடியது. "நான் கூட்டுறேன்டி" என்று ஒருநாள் போனேன். "அவரு இன்னும் மறையல அக்கா. பனிதான் மறைச்சிச்சு. பனி மறைக்கிறது கணக்குல வராது" என்றாள்.

சிங்காரம் போன ஏழாம் நாள் காலையில், ரேஷன் கடையில் எடை போடுகிற ராசமாணிக்கம் காலைக்கடனுக்குக் கடற்கரைப் பக்கம் போனார். தண்ணீர் வற்றி, ஈர மணல் சிலேட்டு மாதிரிக் கிடந்தது. அதன் மேல் கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. வருஷா வருஷம் பனியோடு எங்கிருந்தோ வருகிற பறவைகள், கைக்குள் அடங்குகிற உடம்பு, அலை பின்வாங்கினால் அதன் பின்னாலேயே ஓடும், அலை வந்தால் முன்னால் ஓடும். உட்கார இடம் பார்த்த ராசமாணிக்கம் உட்காராமலே திரும்பி ஓடிவந்தார். வந்து டீக்கடையில் சொன்னார்: "அங்குன அத்தியாயம் பத்துன்னு எழுதியிருக்கு."

போய்ப் பார்த்தோம். எழுதித்தான் இருந்தது. உள்ளான்கள் ஓடின ஓட்டமே எழுத்தாக இருந்தது, வரிக்கு வரி, கோணாமல். மூன்று விரல் தடம் ஒன்றோடு ஒன்று தொட்டுக்கொண்டு கொம்பாகவும் சுழியாகவும் வளைந்திருந்தது. மூக்கால் மணலைக் குத்திப் புழு எடுக்கிற இடமெல்லாம் சரியாகப் புள்ளி வைக்க வேண்டிய இடமாக இருந்தது. தலைப்பை மட்டும் ஒரு பூநாரை நீளக் காலால் நடந்து பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ராசமாணிக்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பச்சரிசி இத்தனை, சீனி இத்தனை என்று அட்டை பார்த்துச் சொல்கிற அதே குரலில் வாசித்தார். ஞானவரதன் சமையல்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிறார். சிங்காரம் விட்ட இடத்திலிருந்து நூல் பிசகாமல் கதை போகிறது. முடிகிற இடத்தில் ராசமாணிக்கம் குனிந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டோம்.

"மிச்சம் நாளைக்கு. போயி உலைய வைங்க."

காசாம்பு அந்த ஈர மணலில் அப்படியே உட்கார்ந்தாள். ஏழு நாளாக வராத அழுகை அன்றைக்குத்தான் வந்தது, அழுகைக்கு உள்ளே சிரிப்பும் வந்தது. "படிக்கிறாரு அக்கா. எங்கயோ ஒக்காந்து படிக்கிறாரு. கேக்க ஆளு இல்லாம அவரு வாய்விட்டுப் படிக்க மாட்டாரு. இதுங்க கேட்டுட்டு வந்து எழுதுதுங்க."

அவள் சொன்னதை ஊர் அப்படியே எடுத்துக்கொண்டது.

அதன் பிறகு ஊர் நடப்பே மாறிவிட்டது. பஞ்சாயத்துத் தலைவர் கோவிந்தநாட்டார் படகுகளை எல்லாம் வடக்கே இருநூறு அடி தள்ளிக் கட்டச் சொன்னார். வாசித்து முடிகிற வரைக்கும் அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது, நாய்களைக் கட்டிப்போட வேண்டும், காலைக்கடனுக்குத் தெற்கே போக வேண்டும் என்று தண்டோராப் போட்டாயிற்று. களத்து வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. சில அத்தியாயம் ஒரே நாளில் முடிந்துவிடும், சிலது நாலைந்து நாள் இழுக்கும். எழுத்து ஏறாத உள்ளான்களும் இருந்தன. ஒன்றுக்கு ஒற்றைக் கால், அது நடந்த வரி மட்டும் நொண்டி நொண்டிப் போகும், அந்த வரியைப் படிக்க ராசமாணிக்கத்துக்குப் பிடிக்காது. வனத்துறையிலிருந்து ஒருவர் தொலைநோக்கியோடு வந்து, இத்தனை உள்ளான், இத்தனை பூநாரை என்று எண்ணி எழுதிக்கொண்டு, காலுக்குக் கீழே பன்னிரண்டாம் அத்தியாயம் கிடக்கிறதைக் கவனிக்காமல், டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்.

பக்கத்து ஊர்க்காரர்களும் வந்தார்கள். உப்பளத்து வேலையாட்கள் வந்தார்கள். ஒருநாள் விஷயம் தெரியாமல் யாரோ ஒருவன் மோட்டார் சைக்கிளை அந்த ஈர மணலிலேயே விட்டுக்கொண்டு போய்விட, பதினாலாம் அத்தியாயம் ஒரு வரிகூட மிஞ்சாமல் போனது. ஊர் அன்றைக்கு உலை வைக்கவில்லை. அப்புறம் அவரவர் மனசில் அவரவர் பதினாலு என்றாகிவிட்டது. சமையல்காரன் ஒரு சீசாவைப் புதைத்தான் என்றாள் செம்பாயி. தம்பி மகனுக்கும் அந்த அம்மாளுக்கும் தொடுப்பு வெளிப்பட்டது என்றார் டீக்கடைக்காரர். "ஒனக்கு என்னாடி?" என்று காசாம்புவைக் கேட்டார்கள். "அதுல அவரு வீட்டுக்கு வந்துட்டுப் போனாரு. சாப்பிட்டுட்டுத்தான் போனாரு" என்றாள்.

கதை சீக்கிரம் நகர வேண்டும் என்று எங்களில் சிலருக்கு அவசரம். பறவை பசியோடு இருந்தால் எப்படி எழுதும் என்று கருவாட்டுத் தூளையும் குருணையையும் கொண்டுபோய் இறைத்தோம். தின்றன. தின்றுவிட்டு மணல் மேட்டில் வயிற்றைப் பரத்திக்கொண்டு மூன்று நாள் வெயில் காய்ந்தன. ஒரு எழுத்து விழவில்லை. அந்த மூன்று நாளும் காசாம்பு சோறு தண்ணி இறங்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் நாட்டாரே வந்து, இனி எவளாவது ஒரு குருணை போட்டால் அபராதம் என்று சத்தம் போட்ட பிறகுதான் பறவைகளுக்குப் பசியும் எங்களுக்குக் கதையும் திரும்பின.

காசாம்புவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்கு மூன்றாம் வகுப்பு வரைக்கும் தெரியும், அவளுக்கு அதுவும் இல்லை. ஆனால் ராசமாணிக்கத்தின் ரேஷன் குரலில் தன் புருஷன் வாய்ச் சொல்லைக் கேட்க அவளுக்குப் பொறுக்கவில்லை. தினமும் கடைசி வரி என்ன என்று தெரியுமல்லவா, அதிலிருந்து பிடித்தாள். "அண்ணே, மிச்சம்னு எங்கேருந்து எங்க வரைக்கும் இருக்கு?" என்று கேட்டு, அந்த இடத்துக்கு நேராகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விரலைக் காற்றில் வைத்து அந்தத் தடத்தின் மேலேயே ஓட்டுவாள். வீட்டுக்கு வந்து, கூட்டாத வாசல் மணலில் எழுதுவாள். மி. ச். ச. ம். தை பிறப்பதற்குள் நாளைக்கு வந்துவிட்டது, உலை வந்துவிட்டது. தை பாதியில் ஞானவரதன் வந்தார். ராசமாணிக்கம் ஒரு வரி தாண்டி வாசித்தபோது, "அண்ணே, நடுவுல ஒண்ணு விட்டுட்டீங்க" என்றாள். நாங்கள் வாயைப் பிளந்தோம்.

நாற்பத்தெட்டாம் நாள் கோவிந்தநாட்டார் அவள் வீட்டுக்கு வந்தார். கடலில் காணாமல் போனவனுக்கு நாற்பத்தெட்டு நாள் பார்ப்பது, பிறகு தர்ப்பையில் உருவம் செய்து காரியத்தை முடித்துவிடுவது எங்கள் ஊர் முறை. குப்பையும் மணலுமாகக் கிடந்த வாசலைத் தாண்டி உள்ளே வர அவருக்குக் கால் கூசியது. வெளியிலேயே நின்றார்.

"நாளு ஆயிடுச்சு தாயி."

"கதை முடியல மாமா."

"கதைக்கும் இதுக்கும் என்னா?"

"அவரு படிச்சிக்கிட்டு இருக்காரு. படிக்கிற ஆளுக்கு எப்புடிக் காரியம் பண்ணுவீங்க?"

நாட்டார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகிறவர் மாதிரித் திரும்பி, பிறகு மறுபடியும் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்த டாக்டரு பேச்சு சரியில்லையே, நீ என்னா நெனைக்கிற?" அவருக்கும் ஆசைதான். ஊரில் யாருக்குத்தான் இல்லை. காரியம் கதை முடிகிற வரைக்கும் தள்ளிவைக்கப்பட்டது.

மாசி பிறந்தது. வாடை இளைத்தது. பனி காலையில் வந்து எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிப் போகத் தொடங்கியது. உள்ளான்களுக்கு மேலுடம்பில் செம்மை படர்ந்தது. அப்படிப் படர்ந்தால் அதுகள் ஊருக்குப் போக ஆயத்தமாகிவிட்டன என்று அர்த்தம். இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் ஞானவரதன் எல்லோரையும் கூடத்தில் கூட்டி உட்கார வைத்தார். சமையல்காரன், தம்பி மகன், டாக்டர், மருந்துப் பெட்டி தூக்கிவரும் கம்பவுண்டர், அந்த அம்மாள், தோட்டத்து ஆட்கள், எல்லோரும். கதவைச் சாத்தச் சொன்னார். கொலை செய்தவன் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறான், அவன் பெயரைச் சொல்கிறேன் என்றார். மிச்சம் நாளைக்கு.

அந்த மிச்சம்தான் கடைசி மிச்சம் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று. அன்று பகல் முழுவதும் திருவிழா மாதிரி இருந்தது. நாலு மூங்கில் நட்டுக் கீற்றுப் பந்தல் போட்டார்கள். டீக்கடைக்காரர் பால் சொல்லிவைத்தார். ராசமாணிக்கம் வேட்டி துவைத்துக் கஞ்சி போட்டார். உறவுக்காரர்களை வரச்சொல்லி ஆள் போனது.

பொழுது சாய்கிற நேரத்தில் காசாம்பு களத்துக்கு வந்து, நாட்டாரும் நாங்களும் இருக்கிற இடத்தில் நின்றாள்.

"நாளைக்கு யாரும் படிக்க வேண்டாம் மாமா."

எங்களுக்கு முதலில் புரியவில்லை.

"அலை வந்து எடுத்துக்கிட்டுப் போவட்டும். யாரும் பாக்க வேண்டாம். முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் அவரு எதைப் படிப்பாரு?"

"ஏண்டி காசாம்பு" என்றாள் செம்பாயி, "ரெண்டு மாசமா அரிசி வெந்துச்சா கொழைஞ்சுச்சான்னுகூடப் பாக்காம வந்து ஒக்காந்திருக்கோம். பேரு சொல்றப்ப கண்ண மூடிக்கங்குறியே. ஒரே ஒரு பேருடி."

"ஒனக்கு ஒரு பேரு அக்கா. எனக்கு அவரு."

செம்பாயி தன் பாயில் கிடந்த கருவாட்டைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள். காசாம்பு பக்கம் பேச ஒருத்தரும் வரவில்லை. நாட்டார் கீழே பார்த்துக்கொண்டு, "ஊரு காத்துக் கெடக்கு தாயி. வெளியூரு ஆளுங்களும் வாராங்க. நான் என்னான்னு சொல்றது?" என்றார். நானும் பேசவில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கொன்றவன் யார் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை இருந்தது.

மறுநாள் விடியும்போது, ஊரை விட்டுப் போய்க்கொண்டிருந்த பனி என்ன நினைத்ததோ, ஒரு தரம் முழுசாகத் திரும்பி வந்தது. பந்தலில் நிற்கிறவனுக்குப் பந்தல் கால் தெரியவில்லை. ஊரும் உறவுமாக முந்நூறு பேர் சால்வையும் துண்டும் போர்த்திக்கொண்டு, வெளிச்சம் வரட்டும் என்று பேச்சுச் சத்தமாக மட்டும் நின்றோம். உள்ளான்கள் கீச்சுக் கீச்சென்று ஓடுகிறது கேட்டது. பிறகு அது நின்றது. மொத்தக் கூட்டமும் ஒரே சமயத்தில் இறக்கை விரித்து எழும்பி, எங்கள் தலைக்கு மேலே ஒரு சேலையை உதறுகிற மாதிரிக் கடந்து, வடக்கே போகிறது கேட்டது. போய்விட்டன. அதற்கப்புறம் சர், சர் என்று ஒரு சத்தம். அலை மணலை அரிக்கிறது என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

வெயில் ஏறிப் பனி கிழிந்தபோது காசாம்பு தண்ணீர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தாள். கையில் விளக்குமாறு. அவளுக்குப் பின்னால் மணல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், நல்ல நாளுக்குக் கூட்டின முற்றம் மாதிரி, விளக்குமாற்றின் கீற்று மட்டுமாகக் கிடந்தது. ஒரு எழுத்து இல்லை. அலை நுரைத்து அதன் ஓரத்தை நக்கிக்கொண்டிருந்தது.

"பாவி" என்றாள் செம்பாயி. வெளியூர்க்காரர்கள் சத்தம் போட்டார்கள். ராசமாணிக்கம் கஞ்சி போட்ட வேட்டியோடு மணலில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தநாட்டார் கையைத் தூக்கி எல்லோரையும் அமர்த்திவிட்டு, எதுவும் கேட்காமல் அவளைப் பார்த்தார்.

"கம்பவுண்டரு" என்றாள் காசாம்பு.

"என்னாது?"

"கம்பவுண்டரு மாமா. மருந்து கொண்டுபோயிருக்கான், கொன்னுட்டான். வெளிய வரவே இல்ல, கதவுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டான். கதவ ஒடைச்சிக்கிட்டு எல்லாரும் உள்ள வாரப்ப, கூட்டத்தோட கூட்டமா நின்னு அவனும் அழுதிருக்கான்."

சொல்லிவிட்டு எங்களைத் தாண்டி வீட்டுப் பக்கம் போனாள்.

அவள் போன அடுத்த நொடி ஊர் வாய் திறந்தது. மொத்தக் கதையிலும் மூன்று தடவை பேசின ஆளா? நாலு பேரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோமே, அஞ்சாவது ஒருத்தன் கண்ணெதிரே பெட்டி தூக்கிக்கொண்டு நின்றானே! சமையல்காரனுக்கு எத்தனை சாபம் கொடுத்தேன் என்று செம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். பதினாலில்தான் அவன் மாட்டியிருப்பான், அந்த மோட்டார் சைக்கிள் நாசமாய்ப் போக என்றார் டீக்கடைக்காரர். சிரிப்பும் சண்டையும் டீயுமாகப் பந்தல் இரைந்தது.

அந்த இரைச்சலுக்குள்ளே தெருப் பக்கமிருந்து அது கேட்டது. முதலில் கேட்டது நான்தான், எதிர்வீட்டுக்காரிக்குத் தெரியாத சத்தமா அது? அப்புறம் பக்கத்தில் நின்றவள் கேட்டாள், அப்புறம் அடுத்தவள், இப்படியே ஒருத்தருக்கு ஒருத்தர் பேச்சு நின்று நின்று, முந்நூறு பேரும் வாயை மூடிக்கொண்டு நின்றோம்.

காசாம்பு தன் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மார்கழியிலிருந்து சேர்ந்த வேப்பிலையை, புழுக்கையை, மணலை, அந்த மணலில் அவள் எழுதிப் பழகின எழுத்துகளை எல்லாம், படிக்கல்லிலிருந்து தெரு வரைக்கும், அவசரமில்லாமல், ஒரு மூலை விடாமல் கூட்டினாள். கோவிந்தநாட்டார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மற்ற ஆண்களும் எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். செம்பாயிதான் முதலில் போனாள். போய் அவள் கையிலிருந்து விளக்குமாற்றை வாங்கவில்லை. தன் முந்தானையில் குப்பையை அள்ளிக்கொண்டு நின்றாள்.

சிங்காரத்துக்குக் காரியம் மூன்றாம் நாள் நடந்தது.

அதற்கப்புறம் எத்தனையோ பனி வந்துவிட்டது. உள்ளான்கள் வருகின்றன, ஓடுகின்றன. ஓட்டம் ஓட்டமாகத்தான் இருக்கிறது, ஒரு எழுத்தும் கூடிவரவில்லை. காசாம்பு இப்போது வேதாரண்யம் போனால் அதே பழைய பேப்பர் கடையில் எடைக்குப் புத்தகம் வாங்கி வருகிறாள், மார்கழி தை ரெண்டு மாதமும் களத்தில் மீன் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எங்களுக்கு வாசிக்கிறாள். எடுத்தால் முடிக்காமல் வைக்க மாட்டாள். பொழுது போனாலும் விளக்கை வைத்துக்கொண்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். நாளைக்கு என்று ஒன்றை அவள் மிச்சம் வைக்கிறதில்லை.

மூன்று வருஷம் கழித்து ஒருநாள், கருவாடு புரட்டிக்கொண்டிருக்கும்போது, நான் கேட்காமலே சொன்னாள்.

"படிக்கக் கூடாதுன்னுதான் அக்கா போனேன். கண்ண இறுக்கிக்கிட்டுக் கூட்டிறலாம்னு போனேன். முடியல. எழுத்து தெரியாத கண்ணா இருந்திருந்தா கூட்டியிருக்கும். இது தெரிஞ்ச கண்ணு, கைக்கு முன்னாடி ஓடுது. ஒரு வரி படிப்பேன், கூட்டுவேன். ஒரு வரி படிப்பேன், கூட்டுவேன். கொன்னவன் பேரு வந்துச்சு. புடிச்சிக்கிட்டுப் போனாங்க. மழ விட்டுச்சு. எல்லாம் முடிஞ்சு, மிச்சம் நாளைக்குன்னு இருக்குற எடத்துக்கு வந்துட்டேன்."

கையிலிருந்த கருவாட்டை அவள் திருப்பி வைத்தாள்.

"அது இல்ல. அந்த எடத்துல வேற இருந்துச்சு. அந்த ஒத்தக் கால் உள்ளான்தான் எழுதியிருக்கணும், வரி நொண்டிக்கிட்டு இருந்துச்சு. மறஞ்சாச்சு காசாம்பு, இப்ப வாசலைக் கூட்டுன்னு."

"அதையும் கூட்டிட்டியாடி?" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டினாள். எல்லா வரியையும் கூட்டினாளாம். அதை மட்டும் கூட்டவில்லையாம். விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு அதன் பக்கத்தில் நின்றாளாம். முதல் அலை வந்து பாதியை எடுத்தது. ரெண்டாவது அலை வருகிற வரைக்கும் அவள் பெயர் மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்ததாம்.